மருந்தே இல்லாமல் மூன்று வருடம்: அப்பாவின் சிஎல்எல் (மெதுவாக வளரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்)

எங்கள் ஊர் களியக்காவிளைப் பக்கம். பெரிய வியாதி என்றால் எல்லை தாண்டி திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறுவதுதான் வழக்கம். அப்பாவோடு அப்படி எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை.

குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு 38,000 என்று வந்தது. பக்கத்தில் பார்த்த டாக்டர் கிருமித் தொற்று என்று இரண்டு தடவை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். அப்பாவுக்குக் காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை. லிம்ஃபோசைட் என்ற ஒருவகை வெள்ளை அணு மட்டும் 80 சதவீதம் என்று அந்த முதல் ரிப்போர்ட்டிலேயே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

திருவனந்தபுரத்தில் ஃப்ளோ சைட்டோமெட்ரி எழுதினார்கள், செல்கள் என்ன வகை என்று பிரித்துக் காட்டும் பரிசோதனை அது. எலும்பு மஜ்ஜையைக் குத்தி எடுப்பார்களோ என்று பயந்துகொண்டு போனோம், கையில் எடுத்த ரத்தமே போதுமென்றார்கள். சிஎல்எல் என்று உறுதியானது. டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இப்போ மருந்நு வேண்டா, நோக்காம்" (பார்க்கலாம்) என்றார். புற்றுநோய் என்று சொல்லிவிட்டு மருந்து வேண்டாம் என்றால் வீட்டில் யார் ஒத்துக்கொள்வார்கள்? கைவிட்டுவிட்டார்கள், சென்னைக்குக் கொண்டு போ என்று சித்தப்பா கத்தினார்.

அடுத்த முறை போனபோது டாக்டர் உட்கார வைத்து விளக்கினார். அறிகுறி இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அதனால் ஆயுள் கூடவில்லை. ஜோத்பூரில் பிறந்த டாக்டர் காந்தி ராய் (Kanti Rai) 1975-ல் வகுத்த நிலைகளைத்தான் இன்றும் பார்க்கிறார்கள்: வெறும் லிம்ஃபோசைட் கூடியிருந்தால் பூஜ்யம், நெறி கட்டினால் ஒன்று, மண்ணீரல் வீங்கினால் இரண்டு, ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் மூன்று, பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் நான்கு. அப்பா பூஜ்யம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு, மறுநாள் விடியுமுன் வழக்கம்போல ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார். வெள்ளை அணு 62,000 ஆகி, பிறகு ஒரு லட்சத்தையும் தாண்டியபோது எனக்குத் தூக்கமே போனது, டாக்டரோ அந்த எண்ணை விட்டுவிட்டு ஹீமோகுளோபினைத்தான் பார்த்தார்.

மூன்று வருடம் கழித்து ஹீமோகுளோபின் 9.6-க்கு இறங்கியது. ராத்திரி வேர்த்து வேட்டி மாற்ற வேண்டியிருந்தது, சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாயில் வயிறு நிறைந்துவிட்டது என்பார், மண்ணீரல் அவ்வளவு வீங்கியிருந்தது.

அப்போதுதான் குரோமோசோமில் உள்ள குறையைக் காட்டும் ஃபிஷ் (FISH) டெஸ்டும் மரபணு டெஸ்டும் எடுத்தார்கள். தயவுசெய்து இதை எடுக்காமல் யாரும் மருந்து தொடங்காதீர்கள். 17-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தாலோ டிபி53 என்ற மரபணு கெட்டிருந்தாலோ பழைய கீமோ சரியாகக் கேட்காது. அப்பாவுக்கு அது இல்லை. ஆனால் ஐஜிஹெச்வி என்ற இன்னொரு மரபணு மாற்றமடையாத வகை, கீமோ கொடுத்தால் நோய் சீக்கிரம் திரும்பும் என்றார்கள். தினமும் போடும் இப்ருடினிப் மாத்திரை இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கலாம், அப்பாவுக்கு ஏற்கனவே அந்தத் தொந்தரவு உண்டு. அதனால் ஒபினுடுசுமாப் ஊசியும் வெனட்டோகிளாக்ஸ் மாத்திரையும், ஒரு வருடத்தில் நிறுத்திவிடலாம் என்று முடிவானது. செலவுக்கு அம்மாவின் நகையும் கொஞ்சம் நிலமும் போனது.

முதல் ஊசியில் உடம்பு தூக்கிப் போடும் அளவுக்குக் குளிர் நடுக்கம், ஊசியை நிறுத்தி, அப்புறம் மெதுவாக ஏற்றினார்கள். மாத்திரையை 20 மில்லிகிராமில் தொடங்கி வாரத்துக்கு வாரம் 50, 100, 200, 400 என்று ஐந்து வாரத்தில் கூட்டுவார்கள். செல்கள் ஒரேயடியாகச் செத்தால் பொட்டாசியமும் யூரிக் அமிலமும் ஏறி, சிறுநீரகமும் இதயமும் ஆபத்தில் போகும். அதற்காக நிறையத் தண்ணீர், யூரிக் அமிலத்துக்கு மாத்திரை, அளவு கூட்டும்போதெல்லாம் ரத்தப் பரிசோதனை. பொட்டாசியத்துக்காக இளநீரும் வாழைப்பழமும் அந்த வாரங்களில் கூடாதென்றார்கள். தினம் மட்டிப்பழம் உரிக்காமல் சாப்பாட்டை முடிக்காத மனிதர், "மக்கா, ஒண்ணு மட்டும்" என்று கேட்டபோது நான் கொடுக்கவில்லை.

ஒரு வருடம் முடிந்து மாத்திரையை நிறுத்தியாயிற்று. பத்தாயிரம் செல்லில் ஒன்று இருந்தாலும் காட்டும் பரிசோதனையில் ரத்தத்தில் எதுவும் தெரியவில்லை. குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. திரும்ப வரலாம், வந்தால் கொடுக்க வேறு மருந்து இருக்கிறது என்றார். இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறுகிறோம், காய்ச்சல் 100.4 தொட்டால் காத்திருக்காமல் போகிறோம். போன முறை ஹீமோகுளோபின் 13.1.