மழை விட்ட பிறகும் ஏறிய தண்ணீர்

2017 ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை இரவு ஹார்வி புயல் டெக்சாஸின் ராக்போர்ட் பக்கம் கரையைக் கடந்தது. ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருந்த எங்கள் வீட்டைக் காற்று ஒன்றும் செய்யவில்லை. ஆனால் புயல் நகராமல் அந்தப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. சனி, ஞாயிறு, திங்கள் என்று ஓயாத மழை. ராத்திரியெல்லாம் சுழற்காற்று எச்சரிக்கை வந்து கைபேசிகள் அலறும். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சின்ன அறையில் பையனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அப்போது அம்மா சென்னையிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். 2015 டிசம்பரில் ஜாபர்கான்பேட்டை வீட்டுக்குள் அடையாற்றுத் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை நான் ஜன்னலிலேயே நின்றுகொண்டிருந்தபோது, "மழையைப் பார்த்துட்டு நிக்காதே, பக்கத்துல ஏரி என்ன ஆச்சுன்னு பாரு" என்றார். இங்கே ஏரி எங்கே இருக்கிறது என்று வாய் வரை வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. நாங்கள் ஞாயிறு காலைகளில் சைக்கிள் ஓட்டும் ஜார்ஜ் புஷ் பூங்கா இருப்பதே பார்க்கர் நீர்த்தேக்கத்துக்குள்தான். 1940களில் ஹூஸ்டன் நகரத்தைக் காப்பாற்றக் கட்டியது. மழை இல்லாத நாளில் அது வெறும் காடும் புல்வெளியும்தான், ஏரி என்றே யாருக்கும் தோன்றாது. எங்கள் வீடு கரைக்கு வெளியே இல்லை. நீர் தேங்கும் பக்கத்தில், அரசு வாங்கிய நிலம் முடிகிற இடத்தில் இருந்தது. அணை நிரம்பினால் தண்ணீர் பின்பக்கமாக ஏறி எங்கள் தெருவுக்குத்தான் வரும்.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், மனைவியோடு இருந்தார். குழாய் பதிக்கும்போது தரையில் நடுவார்களே, அந்த மாதிரி ஆரஞ்சுக் கொடிகள் ஒரு கட்டு வைத்திருந்தார். திங்கட்கிழமை காலையிலிருந்து மணிக்கு ஒரு கொடி, தண்ணீர் விளிம்பில். ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் நேரம் எழுதியிருந்தார். தொலைக்காட்சி ஹூஸ்டன் முழுவதையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவைப் பற்றி உருப்படியாகச் சொன்னவை அந்தக் கொடிகள்தான். மாலை 4 மணிக் கொடிக்கும் 5 மணிக் கொடிக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டு, ராத்திரிக்குள் வாசற்படி ஏறும் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சரி என்று பாஸ்போர்ட், பத்திரங்கள், அரிசி, மருந்து எல்லாம் மாடிக்குப் போயின. அம்மா இருந்த புளிக்காய்ச்சலை எல்லாம் சோற்றில் போட்டுக் கிளறி மூன்று பெரிய டப்பாவில் அடைத்தார். பெரியவர் வீடும் பக்கத்து மெக்சிகோக் குடும்பத்தின் வீடும் மாடி இல்லாதவை. அட்டிக்கில், அதாவது கூரைக்கடியில் இருக்கும் பரணில், ஏறுவதென்றால் கோடாலி இல்லாமல் ஏறாதீர்கள், கூரையை உடைத்து வெளியே வர முடியாமல் போய்விடும் என்று காவல்துறை சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாரையும் எங்கள் மாடிக்கு அழைத்துவிட்டோம். அன்று இரவு பதினொரு பேர் படுத்தோம். புளிசாதத்தின் காரத்தில் பெரியவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

செவ்வாய் மதியம் லூசியானாவிலிருந்து மீன்பிடிப் படகோடு வந்த ஒருவர் எங்களைக் கரை சேர்த்தார். எத்தனை பேர், யாருக்காவது மருந்து வேண்டுமா, இவ்வளவுதான் கேட்டார். வழியில் நெருப்பெறும்புகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பழுப்புப் பாய் போல மிதந்து வந்தன. அவற்றைத் துடுப்பாலும் தொடக் கூடாது என்றார். புதன்கிழமை நல்ல வெயில். அந்த வெயிலில்தான் எங்கள் வீட்டில் தண்ணீர் இன்னும் ஏறியது. வடிய ஒரு வாரம் ஆனது.

செப்டம்பர் 5ஆம் தேதி கதவைத் திறந்தோம். ஃப்ரிட்ஜ் மிதந்து கவிழ்ந்து சமையலறை வழியை அடைத்திருந்தது. சுவரில் 31 அங்குலத்தில் பழுப்புக் கோடு. கான்ட்ராக்டர் வேலை பார்க்கும் மெக்சிகோக்காரர் தன் வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். எதையும் தூக்கிப் போடுவதற்கு முன் படம் எடுங்கள், சாதனங்களின் பின்னால் இருக்கும் வரிசை எண்ணையும் சேர்த்து. கார்ப்பெட்டில் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், காப்பீட்டுக்காகச் சேதத்தை மதிப்பிட வரும் அட்ஜஸ்டர் கேட்பார். கோடு நான்கு அடிக்குக் கீழே இருந்தாலும் ஷீட்ராக், அதாவது ஜிப்சம் பலகைச் சுவரைத் தரையிலிருந்து நான்கு அடிக்கு வெட்டுங்கள், ஈரம் கோட்டுக்கு மேலும் உறிஞ்சி ஏறியிருக்கும். பலகை நான்கு அடி அகலம் என்பதால் திரும்ப மாட்டுவதும் சுலபம். உள்ளே வெப்பத்தைத் தடுக்க வைத்திருந்த இளஞ்சிவப்பு இன்சுலேஷன் பஞ்சைப் பிடுங்கியபோது நனைந்த கம்பளி போலக் கனத்தது.

அதற்குப் பிறகுதான் காத்திருக்க வேண்டிய பகுதி. அவர் ஒரு மாய்ஸ்சர் மீட்டரைக் கொடுத்தார். மரச்சட்டத்தில் இரண்டு ஊசியைக் குத்தினால் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டும். முதல் நாள் 28. 15க்குக் கீழே வரும்வரை சுவரை மூடவே கூடாது என்றார். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் அவசரப்பட்டு மூடினார்கள். ஒரு மாதத்தில் பூஞ்சை பிடித்து, புதுச் சுவரை மறுபடி உடைத்தார்கள்.

பணம்தான் பெரிய அடி. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பொருந்தாது. வெள்ளக் காப்பீடு தனி. பொதுவாக வாங்கி 30 நாள் கழித்துத்தான் அது அமலுக்கு வரும். வெள்ளிக்கிழமை காலை தேடிப் பார்த்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது. அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமா தரும் உதவிக்கு அந்த வருட உச்சவரம்பு 33,300 டாலர், எங்களுக்கு அதில் ஒரு பங்குதான் கிடைத்தது. மீதிக்குக் குறைந்த வட்டிக் கடன் வாங்கினோம். எங்கள் மனைப் பிரிவு வரைபடத்தில் நீர்த்தேக்கத் தண்ணீர் இங்கே தேங்கக்கூடும் என்று ஒரு வரி இருக்கிறது. வீடு வாங்கும்போது அதை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அணைக்கு மேல்பக்கம் மூழ்கிய வீடுகளுக்கு அரசுதான் பொறுப்பு என்று 2019 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பு சொன்னது.

தீபாவளிக்கு முதல் நாள், அக்டோபர் 17, பையன்தான் ஊசியைக் குத்தினான். எல்லா அறையிலும் 14. அம்மா சமையலறையில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். நடுவில் சுவர் இல்லாததால் ஹாலில் இருந்தே பார்க்க முடிந்தது. "பாட்டி, பதினாலு!" என்று கத்திவிட்டு, மீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடினான்.