ரிக் ஏறும் பாதை

மதுரை மாவட்டம் மேலூர் அருகே அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரான போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். சிங்கப்பூர்த் தேக்காவில் தேநீர் குடித்தபடி நண்பர் ஒருவர் கேட்டார்: “இப்போதைக்கு ஆய்வுதானே? நாலு இடத்துல துளை போட்டுப் பார்ப்பாங்க. அதுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” அவருக்கும் மேலூர்ப் பக்கம்தான் ஊர், எனக்கும் அதுதான். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த டங்ஸ்டன் ஏலத்தை ரத்து செய்துவிட்டது. ஆனால் கனிமம் தேடிப் போகும் ஊர்களில் எல்லாம் இந்தக் கேள்வி மறுபடி வரும். அதனால் என் பதிலை எழுதி வைக்கிறேன்.

சிங்கப்பூரில் என் வேலையே சேற்றுத் தண்ணீரோடுதான். கட்டுமான இடங்களிலிருந்து மழையோடு மண் வெளியே போகாமல் பார்க்க வேண்டும். சைட்டில் எல்லாரும் ‘இசிஎம்’ என்பார்கள். வடிகாலுக்குப் போகும் தண்ணீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மண் மிதக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். மண் பரிசோதனைக்குத் துளை போடும் சைட்களும் பார்த்திருக்கிறேன். துளையிலிருந்து வரும் கலங்கலைத் தொட்டியில் பிடித்துவிடலாம். லாரி வந்துபோகும் மண் தடத்திலிருந்து வருவதைப் பிடிப்பதுதான் பெரும்பாடு.

கணக்கைப் பாருங்கள். கனிம ஆய்வில் பரவலாகப் போடும் ஒரு வகைத் துளையின் விட்டம் 96 மில்லிமீட்டர். உள்ளங்கையால் மூடிவிடலாம். ஆனால் துளை போடும் இயந்திரமான ரிக்கும் தண்ணீர் லாரியும் கம்பி ஏற்றிய வண்டியும் மலைச்சரிவில் ஏற வேண்டுமே. 4 மீட்டர் அகலத்தில் 1 கிலோமீட்டர் பாதை வெட்டினாலே ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம் போய்விடும். மேல்பக்கம் வெட்டிய மண்சுவர், கீழே தள்ளிவிட்ட மண், ரிக் நிற்கச் சமப்படுத்திய இடம் எல்லாம் இதில் சேரவில்லை.

அந்த வெட்டுச் சுவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். சரிவில் பெய்யும் மழையில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கி, பாறையின் மேல் மெதுவாக நகர்ந்து, கீழே ஊற்றாகவோ ஈரமாகவோ வெளிவரும். பாதைக்காகச் சரிவை வெட்டினால் அந்த ஓட்டம் நடுவழியில் அறுந்துவிடும். நிலத்துக்குள் போய்க்கொண்டிருந்த தண்ணீர் சுவரில் கசிந்து பாதையோரம் ஓட ஆரம்பிக்கும். வண்டி ஏறி இறுகிய மண்ணும் மழையைக் குடிக்காது. சக்கரத் தடமே வாய்க்காலாகிவிடும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குழாய் வழியாகப் பாதையின் மறுபக்கம் விடுவார்கள். அது விழும் இடத்தில் முதலில் ஒரு குழி, அடுத்த மழையில் ஓர் அரிப்பு ஓடை. அரித்த மண் ஓடைக்கும், அங்கிருந்து கண்மாய்க்கும் போகும்.

அரிட்டாபட்டி 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். மலைகளும் சுனைகளும் கண்மாய்களும் சேர்ந்த இடம். எந்தச் சரிவு எந்தச் சுனைக்குத் தண்ணீர் தருகிறது என்று அளந்து பார்க்காமல் அங்கே ஒரு ஜேசிபியைக்கூட ஏற்றக் கூடாது.

இதெல்லாம் வெறும் பயம் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிளியர்வாட்டர் ஆற்றுப் பகுதியில், லெஸ்லி ரீட், தாமஸ் டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மரம் ஏற்றும் ஜல்லிப் பாதைகளை அளந்தார்கள். லாரிகள் ஓயாமல் ஓடும் பாதையிலிருந்து, கைவிட்ட பாதையைவிட 130 மடங்கு வண்டல் வந்தது. 1984இல் வெளியான ஆய்வு அது. லாரியில் இருப்பது மரமானாலும் துளைக்கம்பியானாலும் பாதைக்கு நேர்வது ஒன்றுதான். ஐடஹோவில் சால்மன் ஆற்றின் தெற்குக் கிளையில் 1960களின் நடுவில் கனமழை வந்தபோது மரம் வெட்டப் போட்ட பாதைகள் சரிந்தன. சால்மன் மீன் முட்டையிடும் சரளைப் படுகைகளை மணல் மூடியது. சரளைக்கு இடையே தண்ணீர் ஓடினால்தான் முட்டைக்குப் பிராணவாயு கிடைக்கும். அங்கே மரம் வெட்டுவதையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

ஐடஹோவின் அந்த மலைகள் கிரானைட். சிங்கப்பூரில் எங்கள் புக்கிட் தீமா குன்றும் கிரானைட்தான். ஆனால் இந்த வெயிலிலும் மழையிலும் பாறை ஆழமாக மக்கி நுண்ணிய களிமண்ணாகிவிட்டது. மெல்லிய மணல் ஒரு மீட்டர் ஆழம் படிய இரண்டு நிமிடம் போதும். களித்துகளுக்கு அசையாத தண்ணீரிலேயே மூன்று நாள் ஆகும். ஓடும் ஓடையில் அது படிவதை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் கலங்கிய பிறகு தெளிய வைப்பதைவிட, கலங்காமல் பார்ப்பதே முக்கியம்.

சரி, அதற்காகத் துளையே போடக் கூடாதா? போடலாம், வழியை முதலில் யோசித்தால். சிங்கப்பூரில் குறுக்குத் தீவு ரயில் பாதைக்காக மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியில் பாறையைச் சோதிக்க வேண்டியிருந்தது. முதலில் 72 துளைகள் என்று திட்டம். 2016இல் சுற்றுச்சூழல் அறிக்கை வந்தபோது அது 16 ஆகக் குறைந்திருந்தது; அவையும் ஏற்கெனவே இருக்கும் தடங்களிலும் வெட்டவெளிகளிலும் மட்டும். இயற்கை ஆர்வலர்கள் விடாமல் கேட்டதற்கு இதில் பங்கு உண்டு. வேறு ஊர்களில் ஒரே தளத்திலிருந்து பல திசைகளில் சாய்வாகத் துளை போடுகிறார்கள். ரிக்கை ஹெலிகாப்டரில் இறக்குவதும் உண்டு. செலவு கூடும், ஆனால் பாதை வெட்டுவது மிச்சம்.

எங்கள் ஃபோர்மேன் அண்ணன் தஞ்சாவூர்க்காரர், பல வருடம் ரிக்கோடு அலைந்தவர். நண்பரின் கேள்வியை அவரிடம் சொன்னேன். “தம்பி, ரிக் ஏத்த நாள் குறிப்பாங்க. அந்தத் தடத்தை மூட யாரு நாள் குறிக்கிறா?” என்றார்.

மூடுவது என்றால் வாசலில் ஒரு கேட் போடுவது இல்லை. இறுகிய மண்ணைக் கிளறிவிட வேண்டும், குழாய்களைப் பிடுங்க வேண்டும், தள்ளிய மண்ணைச் சரிவில் மறுபடி ஏற்ற வேண்டும், முதலிலேயே ஒதுக்கி வைத்த மேல்மண்ணைப் பரப்பி நாட்டுச் செடி வைக்க வேண்டும்.

ஆகவே ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வு என்று யாராவது வரைபடத்தோடு வந்தால், துளைப் புள்ளிகளோடு விட்டுவிடாதீர்கள். பாதைக் கோடுகளையும் போடச் சொல்லுங்கள். அவை எத்தனை இடத்தில் ஓடையைத் தாண்டுகின்றன, ஐப்பசி கார்த்திகையில் வேலை நிற்குமா, மூடும் செலவுக்கு முன்பணம் கட்டியாயிற்றா என்று கிராம சபையில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.