ஃபேன் சுவிட்ச் யார் கையில்?

வாத்தியம் இல்லை, மைக் இல்லை, நாலு குரலில் வெறும் வாய்ப்பாட்டு மட்டும் என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் அச்சடித்தாலும், கச்சேரி அன்றைக்கு மதியம் சர்ச் வாசலில் முதலில் வந்து நிற்பது மைக்செட்காரத் தம்பியின் வண்டிதான். கமிட்டியில் யாராவது பழக்கதோஷத்தில் சொல்லி வைத்திருப்பார். ஆள் உயர பாக்ஸ் இரண்டு, மிக்ஸர், எக்கோ சகிதம் இறங்குகிறவரிடம் விஷயத்தைச் சொன்னால், "ஏனுங் மாஸ்டர், மைக்கே வேண்டாம்னா கடைசி பெஞ்சுக்கு எப்படிங் கேக்கும்?" என்பார். நியாயமான கேள்வி. பதில் அவர் தலைக்கு மேலே, கூரையில் இருக்கிறது.

கோவை ரேஸ்கோர்ஸில் 1872-இல் வந்த ஆல் சோல்ஸ், ஆஸ்திரேலிய மிஷனரி பிரப் ஈரோட்டில் எழுப்பிய ஆலயம், கட்டடக் கலைஞர் சிஸம் வரைபடம் போட்ட சேலம் கிறைஸ்ட் சர்ச் எல்லாம் மைக்கை நம்பிக் கட்டியவை அல்ல. உயரமான கூரை, தடித்த சுவர், கெட்டியான தரை. வாயைத் திறந்தால் மிச்ச வேலையைக் கட்டடம் பார்த்துக்கொள்ளும். சில சமயம் தேவைக்கு மேலேயே பார்த்துவிடும்.

எவ்வளவு பார்க்கும் என்று தெரிந்துகொள்ள நடுப்பாதையில் நின்று பலமாகக் கைதட்டி, சத்தம் அடங்கும்வரை விநாடி எண்ண வேண்டும். பலூன் உடைத்தால் இன்னும் துல்லியம். ஆனால் உத்திரத்துப் புறாக்கள் கிளம்பிவிடும். அவை ஒரு சுற்று சுற்றித் திரும்பி உட்காரும்வரை அடுத்த சோதனை நடக்காது.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர் இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895 வாக்கில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு லெக்சர் ஹால் எதிரொலியில் யாருக்கும் எதுவும் புரியவில்லை என்று புகார் வர, மனிதர் ராத்திரி ராத்திரியாகப் பக்கத்து அரங்கத்து மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி, ஸ்டாப்வாட்சில் அளந்தார். கிடைத்த சூத்திரம் சின்னது: கட்டடத்தின் கன மீட்டரை 0.161-ஆல் பெருக்கி, சத்தத்தை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் எதிரொலி அடங்கும் நேரம் விநாடியில் வரும்.

25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 9 மீட்டர் உயரம் உள்ள சர்ச்சை எடுத்துக்கொள்வோம். கன அளவு 2,250. சுவர், கூரை, பெஞ்சு எல்லாம் சேர்ந்து 100 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சுகிறது என்றால் காலி சர்ச்சில் 3.6 விநாடி. உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவர் ஏறக்குறைய அரை சதுர மீட்டர் குடிப்பார். 200 பேர் வந்தால் இன்னொரு 100. நேரம் பாதியாகி 1.8 விநாடியில் வந்து நிற்கும். டிசம்பர் பனிக்குப் பயந்து ஸ்வெட்டர், சால்வை, குல்லா என்று வரும் கோவைக்காரர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. முந்தின நாள் காலி சர்ச்சில் ஒத்திகை பார்த்துவிட்டு, "அடடா, வானத்துல இருந்து பாடுற மாதிரி இருக்குதுங்" என்று கண் கலங்கியவர்கள் எல்லாம், மறுநாள் கூட்டத்துக்கு முன்னால் வாயைத் திறந்ததும் வானம் எங்கே போச்சு என்று முழிப்பது இதனால்தான். வானத்தை உறவுக்காரர்கள் குடித்துவிட்டார்கள்.

ஆகவே ஒத்திகையிலேயே இரண்டு வேகம் பழக வேண்டும். காலி சர்ச்சுக்கு நிதானம், நிறைந்த சர்ச்சுக்கு ஒரு பிடி வேகம். நடுப்பாதையில் விரித்த சிவப்புக் கம்பளத்தைச் சுருட்டி வைப்பதும் நல்லது. மேல்குரலின் பளபளப்பை முதலில் தின்பது அதுதான். கல்யாண சர்ச் மாதிரி இருக்கட்டும் என்று கமிட்டி மறுபடி விரிக்கும். மறுபடி சுருட்ட வேண்டும்.

திறந்த ஜன்னலும் உறிஞ்சும். சபைன் கணக்கில் ஒரு சதுர மீட்டர் திறப்பு என்றால் சுளையாக ஒரு சதுர மீட்டர் உறிஞ்சல். வெளியே போன சத்தம் திரும்பி வராது. வெளிச் சத்தம் மட்டும் உள்ளே வரும். வாசல் தூங்குமூஞ்சி மரத்தில் அடையும் மைனாக்கள் ஐந்தே முக்காலில் ஆரம்பித்து இருட்டும்வரை மாநாடு நடத்தும். எனவே கச்சேரியை ஆறுக்கு வைக்காமல் ஆறே முக்காலுக்கு வைப்பது புத்திசாலித்தனம். 1640-லேயே சபை வேர்விட்ட கருமத்தம்பட்டிப் பக்கம் என்றால் மைனா பிரச்சினை இல்லை, தறி உண்டு. தறி எந்தத் தாளத்துக்கும் கட்டுப்படாது.

சரி, ஜன்னலைச் சாத்தியாயிற்று. இனி ஃபேன்.

பழைய சர்ச்சின் ஸ்விட்ச் போர்டு என்பது தனி வேதாகமம். பதினெட்டு ஸ்விட்ச், எழுதி ஒட்டிய பேப்பர் எல்லாம் உதிர்ந்து, எது எதற்கு என்று சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் செக்ஸ்டன் அண்ணன் ஒருவருக்கே வெளிச்சம். "அஞ்சாவது பீடத்து லைட்டுங். ஆறாவது ஃபேனுங். ஆனா ஏழாவதைப் போட்டாத்தான் ஆறாவது வேலை செய்யுமுங்." ஃபேனை அணைக்கச் சொன்னால் சரியாகப் பாடகர்களின் தலைக்கு மேல் உள்ள விளக்கை அணைத்துவிட்டு, ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். அணைக்க ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம்.

நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டின் பழைய சோக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் அதற்கு இரட்டிப்பாக 100 ஹெர்ட்ஸில் 'ம்ம்ம்' என்று முனகும். சுதி மாறாத முனகல். ஃபேன் மோட்டாரும் இதே முனகலைத்தான் சேர்த்துக்கொள்ளும். ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் பாடுகிறவர்களின் கீழ் 'ஜி' சுரம் 98 ஹெர்ட்ஸ். கீபோர்டில் கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு நடுவே உள்ள அரைக்கட்டைத் தூரத்தை 100 சென்ட் என்று வைத்தால், மின்வாரியம் கொடுக்கும் ஆதார சுருதி நம் 'ஜி'யை விட 35 சென்ட் மேலே. சிறு வயதிலிருந்து தம்புராவோ சுருதிப் பெட்டியோ கேட்ட காது, எங்கே ஒரு முனகல் கேட்டாலும் அதோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். பேஸ் ஒட்டிக்கொள்ளும், பெண்களின் மேல்குரலான சோப்ரானோ ஒட்டாது. நடுவில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோக்கள் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். பாட்டின் சுருதியை அரைக்கட்டை ஏற்றிக்கொள்வது தற்காலிக வைத்தியம். பீடத்துப் பக்கத்து டியூப் லைட்டை எல்.இ.டி.யாக மாற்றிவிட்டு ஃபேனை அணைப்பதே முழு வைத்தியம்.

அணைத்தால் சும்மா விடுவார்களா? மூன்றாவது பாட்டுக்குள் முன்வரிசை அத்தை, "கண்ணு, அந்த ஃபேனைச் சித்தப் போடு சாமி, புழுங்குது" என்று பேரனை அனுப்புவார். அவன் ஆறையும் ஏழையும் தேடிப் பதினெட்டையும் தட்டிப் பார்ப்பான். அதனால் கச்சேரி தொடங்குவதற்கு அரைமணி முன்பே அத்தனை ஃபேனையும் முழு வேகத்தில் ஓடவிட்டு, ஆரம்பிக்கும்போது நிறுத்தி, பாட்டுக்கு நடுவே ஆயர் பேசும் அந்த ஐந்து நிமிஷத்தில் மறுபடி போடுவதுதான் நடைமுறைச் சமரசம். ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு, நம்பிக்கையான ஆளை உட்கார வைக்க வேண்டும். பாடத் தெரியாதவராக இருந்தால் உத்தமம். பாடத் தெரிந்தவர் உணர்ச்சிவசப்பட்டு எழுந்து வந்துவிடுவார்.

ஃபேன் காற்றில் பறப்பது காகிதமும்தான். நம் குவயர்களில், அதாவது சர்ச் பாடகர் குழுக்களில், இன்றைக்கும் பாதிப் பேர் படிப்பது டோனிக் சால்ஃபா. இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கி, ஜான் கர்வென் பரப்பி, மிஷனரிகள் கையோடு கொண்டுவந்த, சுரத்தை d r m என்று எழுத்தால் எழுதும் முறை. நமக்கு ஸரிகம பழக்கம் என்பதால் சட்டென்று பிடித்துக்கொண்டது. எந்தக் கட்டையில் ஆரம்பித்தாலும் 'ட' ஆதாரம். ஆனால் அதில் தாளம் முழுக்கப் புள்ளியிலும் முக்காற்புள்ளியிலும் நிற்கிறது. மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு, கீழ் ஸ்தாயிக்குக் காலடியில் ஒன்று. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த தாளில் கோடு அழியும், தூசு புள்ளியாகும். ஆல்ட்டோவில் ஒருவர் மட்டும் திடீரென்று எட்டுச் சுரம் மேலே போய்க் கத்தினால் அவர் மேல் தப்பில்லை. கடைக்கார மெஷினின் கண்ணாடியைத் துடைக்கவில்லை. மூலப் பிரதியை ஒருமுறை தெளிவாக டைப் அடித்து, கறுப்பு ஃபைலில் கிளிப் போட்டுக் கொடுத்துவிடலாம்.

ஆள் கணக்கு: 16 பேர் போதும். சோப்ரானோ 5, ஆல்ட்டோ 4, டெனர் 3, பேஸ் 4. எழுதுவது சுலபம், ஆண்களின் மேல்குரலான டெனர் மூன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. டிசம்பரில் ஒரே டெனர் நாலு சர்ச்சின் குவயரிலும் இருப்பார், போன் எடுக்க மாட்டார். பேஸுக்குப் பஞ்சமே இல்லை. நாற்பத்தைந்து தாண்டிய, இருமல் உள்ள எல்லாரும் தங்களை பேஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிற்பது அரை வட்டமாக, ஆளுக்கு ஆள் இரண்டடி விட்டு, பேஸும் சோப்ரானோவும் ஒருவரை ஒருவர் கேட்கிற மாதிரி. பீடத்து உள்வளைவுக்குள் ஆழமாகப் போய் நின்றால் போட்டோவுக்கு அழகு, சத்தம் அங்கேயே சுற்றும். இரண்டடி முன்னால் வந்தால் தீரும். மெழுகுவர்த்தி பிடித்து வாசலிலிருந்து பாடிக்கொண்டே வரும் ஊர்வலம் வேண்டுமென்றால், முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் 15 மீட்டர் இடைவெளி இருக்கும். சத்தம் விநாடிக்கு 343 மீட்டர்தான் போகும். கடைசி ஆள் நூற்றில் நாலு விநாடி தாமதமாகக் கேட்டுப் பாடுவார், அதைக் கேட்டு முன்னால் இருப்பவர் இன்னும் இழுப்பார். பீடத்துக்கு வருவதற்குள் கிறிஸ்துமஸ் பாட்டு பெரிய வெள்ளி வேகத்துக்கு வந்துவிடும். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜில் 1918 முதல் நடக்கும் கரோல் ஆராதனையில் முதல் சரணத்தை ஒரே ஒரு பையனிடம் கொடுக்கிறார்கள். அதையே செய்யலாம்.

சுருதி இறங்குவது பற்றி ஒரு வார்த்தை. சோம்பேறித்தனத்தால் இறங்குகிறது என்று மாஸ்டர்கள் திட்டுவார்கள். பாதி உண்மை. மூச்சுக் குறைவும், ஒரே சுரத்தைத் திருப்பித் திருப்பிப் பாடுவதும் இறக்கும்தான். 'எஃப்' மேஜரில் எழுதியதை அரைக்கட்டை ஏற்றிப் பாடினால் பல குவயர் நிற்கிறது. ஆனால் சுத்தமாகப் பாடினாலும் இறங்கும். சால்ஃபாவின் d, l, r, s, திரும்ப d என்ற சுற்றில் ஒவ்வொரு கூட்டுச் சுரத்தையும் பிடிவாதமாகச் சுத்தமாகவே பிடித்துக்கொண்டு போனால், சுற்று முடியும்போது ஆதாரம் கிட்டத்தட்ட 21.5 சென்ட் கீழே இருக்கும். கணிதம் அப்படி. சரணத்துக்கு ஒரு சுற்று, நாலு சரணம் என்றால் 86 சென்ட், ஏறக்குறைய அரைக்கட்டை. எல்லாரும் சேர்ந்து இறங்குவதால் கேட்பவருக்குத் தெரியாது.

தெரிய வைப்பவர் கீபோர்டு தம்பி. ஆரம்ப சுருதி கொடுப்பதற்கு மட்டும் என்று ஓரமாக உட்கார வைத்திருப்போம். காலை ஆராதனைக்கு வைத்த, சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கட்டை மேலே சுருதி கொடுப்பது ஒரு வகை. கடைசிச் சரணத்தில் ஆர்வம் தாங்காமல் முழு வால்யூமில் உள்ளே நுழைவது இன்னொரு வகை. குவயர் ஒரு கட்டையில், கீபோர்டு அடுத்த கட்டையில், நடுவே ஆயரின் புன்னகை உறைந்து நிற்கும். சுருதிக்கு 440 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க் ஒன்று சட்டைப் பையில் இருந்தால் கீபோர்டை வீட்டிலேயே விட்டு வரலாம்.

உச்சரிப்பில் ஒரே ஒரு எச்சரிக்கை. 'வந்து', 'நின்று' என்று முடியும் குற்றியலுகரத்தின் மேல் நீண்ட சுரம் வந்தால், பாதிப் பேர் 'வந்தூ' என்று ஊளையிடுவார்கள், பாதிப் பேர் விழுங்குவார்கள். எந்தத் தட்டில் வாயை மூடுவது என்று கையால் காட்டிவிட வேண்டும்.

இவ்வளவும் சரியாக நடந்து, மெல்லிய பாட்டு ஒன்று நூல் மாதிரி இழைந்து கொண்டிருக்கும்போது மணி ஏழு ஆகும். கோபுரத்து எலெக்ட்ரானிக் கடிகாரம் கணீரென்று ஒரு ராகம் வாசித்து, நேரம் சொல்லி, வசனமும் சொல்லும். அதன் சாவி பொருளாளரிடம் இருக்கும். பொருளாளர் ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குத் தாராபுரம் போயிருப்பார். காலையிலேயே சாவியை வாங்கி வைப்பது தவிர இதற்கு மருந்து கிடையாது.

சபையாரை அடக்கவும் மருந்து இல்லை. தெரிந்த மெட்டு காதில் விழுந்தால் நம் ஆட்கள் கூடப் பாடுவார்கள், தாளமும் தட்டுவார்கள், பாதி வேகத்தில். முறைத்துப் பயனில்லை. நிகழ்ச்சியின் நடுவிலும் கடைசியிலும் எல்லாரும் எழுந்து பாட ஒவ்வொரு பாட்டு ஒதுக்கிவிட்டால் மற்ற பாட்டுகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கரண்ட் போனால்கூடக் கவலையில்லை. சொல்லப்போனால் நூறு ஹெர்ட்ஸ் முனகலும் சேர்ந்து போய்விடுவதால் குவயர் அப்போதுதான் உருப்படியாகக் கேட்கும். நிகழ்ச்சி நிரல் தாளை மட்டும் கெட்டி அட்டையில் அச்சடிக்கக் கூடாது. 200 பேரும் அதையே விசிறியாக்குவார்கள். மெல்லிய தாள் என்றால் மடங்கிப் போகும்.

பதிவு செய்கிறவர்கள் போனைப் பாடகர் காலடியில் வைக்காமல், ஏழெட்டு மீட்டர் தள்ளி, ஆள் உயரத்துக்கு மேலே ஸ்டாண்டில், தானாகச் சத்தம் ஏற்றி இறக்கும் வசதியை நிறுத்திவிட்டு வைக்க வேண்டும். அதை நிறுத்தாவிட்டால் மெல்லிய இடமெல்லாம் ஓங்கி, பெஞ்சு கிரீச்சிடுவதும் குழந்தை சிப்ஸ் பாக்கெட் பிரிப்பதும் பிரதானமாகிவிடும். அதையும் சரியாகச் செய்துவிட்டு, பொன்னாடை, நன்றியுரை, டீ, கேக் எல்லாம் முடிந்து கிளம்பும்போது வீடியோக்காரர் ஓடி வந்து கேட்பார்:

"மாஸ்டர், எடிட்டிங்ல பின்னாடி என்ன மியூசிக்குங் போடட்டும்? வெறும் பாட்டு மட்டும்தான் இருக்குது."