ஜெல் வைப்பதற்கு முன்னால் காரணத்தைக் கேளுங்கள்

கர்ப்பம் 40 வாரம் முடிந்ததும், மருந்து கொடுத்துப் பிரசவ வலி வரவைக்க அட்மிட் ஆகச் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனை, ரூம் எல்லாம் சட்டென்று முடிந்தன.

அப்புறம் லேபர் வார்டு சிஸ்டர் ஒரு படிவத்தை என் கணவரிடம் நீட்டி, "சார், டிக் போட்ட இடத்துல எல்லாம் கையெழுத்துப் போடுங்க" என்றார். நான் பக்கத்துக் கட்டிலில்தான் இருந்தேன். காரணம், ஆபத்து, மாற்று வழி எழுத வேண்டிய இடமெல்லாம் காலி. வலி வரவைப்பதற்கும் சிசேரியனுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து. படித்துவிட்டு நானே போடுகிறேன் என்றேன். "எல்லாரும் போடறதுதான்மா, ஜெல் ரெடியா இருக்கு" என்றார் (கருப்பை வாயைப் பக்குவப்படுத்தி வலி வரவைக்க உள்ளே வைக்கும் மருந்து). மாமியாரும், "டாக்டருக்குத் தெரியாததா, போட்டுடும்மா" என்றார். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

சமீரா கோலி என்ற பெண், தன் சம்மதமில்லாமல் கருப்பையை எடுத்த டாக்டர் மீது போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: சுயமாக முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்காக, உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர, வேறு யாரும் சம்மதம் தர முடியாது. அந்த வழக்கில் சமீராவுக்காகச் சம்மதம் தந்தவர் அவரைப் பெற்ற தாய். அதுவே செல்லவில்லை.

டாக்டர் வரும்வரை பேனாவைத் தொடவில்லை. வந்ததும் கேட்டேன்: இன்றே ஏன்? காத்திருந்தால் என்ன? கருப்பை வாய் எப்படி இருக்கிறது? கருப்பை வாய் பிரசவத்துக்கு எவ்வளவு தயார் என்று காட்டும் பிஷப் ஸ்கோர் 3 என்றார். 6-க்கு மேல் இருந்தால்தான் வாய் பக்குவமாக இருக்கிறது என்று பொருள். பனிக்குட நீர், பிரஷர், சர்க்கரை, குழந்தையின் துடிப்பு எல்லாமே சரியாக இருந்தன. தேதியைத் தவிர வேறு காரணமே இல்லை! உலக சுகாதார நிறுவனமே 41 வாரம் ஆனவர்களுக்குத்தான் வலி வரவைக்கப் பரிந்துரைக்கிறது. அசைவைக் கவனித்துக்கொண்டு, சொன்ன நாளில் சிடிஜி (குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவு) எடுக்க வருவதாகப் பேசி, டாக்டர் சம்மதத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

41 வாரத்திலும் வலி வரவில்லை. இந்த முறை படிவத்தில் கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன, கையெழுத்து என்னுடையது. ஜெல் வைத்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் மருந்தை டிரிப்பில் ஏற்ற ஒருவர் வந்தார். ஜெல்லுக்கும் ஆக்சிடோசினுக்கும் குறைந்தது 6 மணி நேர இடைவெளி வேண்டும் என்று நினைவூட்டினேன், நேரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சுகப்பிரசவம், பெண் குழந்தை.

உங்களுக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருந்தால், நீர் குறைந்தால், முன்பே வலி வரவைப்பது அவசியமாகலாம். அப்போதும் காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். முதல் பிரசவம் சிசேரியன் என்றால், வலி வரவைக்கத் தருவது மிசோப்ரோஸ்டால் மாத்திரையா என்று கட்டாயம் கேளுங்கள். பழைய தையல் பிரியும் ஆபத்து அதில் அதிகம். கையெழுத்துப் போட்ட படிவத்தை உடனே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்டால் அலையவிடுவார்கள்.