ட்ரக்கின் முன் சில்லுகளில் இருந்த ஆட்டத்தைத் தேடிப் பிடித்த விதம்

பின் சில்லுகள் மட்டும் இழுக்கும், பத்தில் ஒரு பங்கு அளவிலான எனது ரிமோட் ட்ரக் சில காலமாக நேராக ஓட மறுத்தது. ரிமோட்டின் திருப்பியைக் கைவிட்டு நடுவுக்கு வரவிட்டாலும் வண்டி இடமும் வலமுமாக அலைந்தது. ரிமோட்டில் நடுநிலையைத் திருத்தும் ட்ரிம்மை நகர்த்தி நேராக்கினால் அடுத்த வளைவோடு அந்த நேர் தொலைந்துவிட்டது. இத்தகைய அலைச்சலைத் திருத்தப் புறப்படுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எப்போதும் ஒரே பக்கமாக இழுக்கும் வண்டிக்கு ட்ரிம்மோ சில்லுகளின் கோணமோ பிசகியிருக்கும். இடப்பக்கம் திரும்பி மீண்டபின் சற்று இடமாகவும், வலப்பக்கம் திரும்பி மீண்டபின் சற்று வலமாகவும் போகும் வண்டிக்கோ ஸ்டியரிங் தொடரில் எங்கோ ஆட்டம், அதாவது மூட்டுத் தளர்வு, உண்டு, அல்லது எங்கோ இறுக்கம் உண்டு. எனது வண்டி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

ஆட்டம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அதன் விளைவு பெரிது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் நான் நம்பினேன். அச்சுகளுக்கிடையே 30 சென்ரிமீற்றர் தூரமுள்ள ஒரு வண்டியின் முன் சில்லுகள் 1 பாகை மட்டும் விலகி நின்றால், அது ஏறத்தாழ 17 மீற்றர் ஆரையுள்ள வட்டத்தில் ஓடும். 10 மீற்றர் போவதற்குள் நேர்கோட்டை விட்டு ஏறத்தாழ 3 மீற்றர் ஒதுங்கிவிடும். எங்கள் ஒழுங்கையின் அகலமே அவ்வளவுதான். சில்லைத் திருப்பும் கை 20 மில்லிமீற்றர் நீளம் என்று கொண்டால், அந்த 1 பாகைக்குத் தேவையான ஆட்டம் 0.35 மில்லிமீற்றர் மாத்திரமே. சில்லுகளைத் திருப்பும் சிறு மோட்டார்ப் பெட்டியான சேர்வோவிலிருந்து ஒரு சில்லு வரை ஆறேழு மூட்டுகள் இருப்பதால், தனித்தனியே பார்க்கும்போது எந்த மூட்டையும் பழுது என்று சொல்ல மனம் வராத நிலையிலும் மொத்தத்தில் வண்டி அலையும்.

நான் கிளிநொச்சியில் வசிக்கிறேன். வண்டி ஓடுவது பெரும்பாலும் வாய்க்கால் கரையோரக் கிறவல் வீதியில். சோழகம் வீசும் மாதங்களில் அந்தச் செந்தூசு எல்லா இடுக்குகளிலும் புகுந்துவிடும். மூட்டுகளுக்கு கிறீஸ் பூசினால் நல்லது என்று பலர் எண்ணுவதுண்டு. இந்த மண்ணில் அது கெடுதலே செய்கிறது. கிறீஸோடு கலந்த தூசு அரைக்கும் களிம்பாக மாறி, பிளாஸ்டிக் துளைகளை ஓசையின்றித் தின்றுவிடுகிறது. ஆகவே எல்லாவற்றையும் கழற்றி, சவர்க்கார நீரில் பழைய பல் தூரிகையால் கழுவி, நன்றாக உலரவிட்ட பின்னரே சோதனையைத் தொடங்கினேன். அழுக்கு ஆட்டத்தை மறைக்கும். கழுவியபின் ஆட்டம் கூடியதுபோலத் தோன்றினால் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

சோதனை முறை எளிது. பற்றரியை இணைத்து, ரிமோட்டையும் வண்டியையும் இயக்க நிலையில் வைத்தால் சேர்வோ நடுநிலையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு கையால் முன் சில்லை இடமும் வலமும் மெல்ல அசைத்து, மறு கையின் விரல் நுனியைச் சில்லிலிருந்து சேர்வோ வரை ஒவ்வொரு மூட்டின் மீதும் வைத்துக்கொண்டு போக வேண்டும். மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத இடத்தில்தான் ஆட்டம் இருக்கிறது. சைக்கிளின் முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலை முன்பின்னாக உலுப்பி, கப்பிலா கோனிலா தளர்வு என்று விரலால் உணர்வதைப் போன்றதே இதுவும். கண்ணால் தேடினால் எல்லா மூட்டுகளும் ஆடுவதாகவே தெரியும்.

இங்கே சேர்வோ சேவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஆட்டம் என்று பலர் குறைசொல்வது உண்மையில் இதனுடைய வேலையாக இருக்கலாம். சில்லு கல்லில் மோதும்போது அந்த அடி சேர்வோவின் பற்சக்கரங்களுக்குப் போகாதபடி இடையில் ஒரு சுருள்வில் விட்டுக்கொடுக்கும். சில வண்டிகளில் அது சேர்வோவின் கையிலும், எனது வண்டியில், சேர்வோவின் அசைவைச் சில்லுகளுக்குக் கடத்தும் கைகளான பெல்கிராங்கிலும் அமைந்திருக்கிறது. சில்லைத் தள்ளும்போது தொடக்கம் முதலே எதிர்ப்பு இருந்து, கையை எடுத்ததும் அது பழைய இடத்துக்குத் திரும்பினால், அது வில். எந்த எதிர்ப்புமின்றி நகர்ந்து, விட்ட இடத்திலேயே நின்றால் அதுவே ஆட்டம். வில்லின் நட்டை இறுக்கி ஆட்டத்தைப் போக்க முயல்வது வீண் வேலை என்பது மட்டுமல்ல, அடுத்த மோதலில் சேர்வோவின் பற்களை இழக்கும் வழியும் அதுவே.

முன் சில்லுகளின் பெயரிங்குகளில் பெரிய குறை இல்லை. சில்லு இடமும் வலமும் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் துளைகள் சற்று நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. துளையை 4 மில்லிமீற்றருக்குப் பெருப்பித்து, உள்விட்டம் 3 மில்லிமீற்றர் உள்ள பித்தளைக் குழாயிலிருந்து சிறு துண்டுகளை வெட்டிச் செருகியதோடு அது அடங்கிவிட்டது. துளையிடும்போது கை மெசினைத் தவிர்த்து, துளையிடும் ஊசியை விரலால் திருப்பியே பெருப்பித்தேன், ஏனெனில் வேகத்தில் உருகிய பிளாஸ்டிக் துளையை மீண்டும் கோணலாக்கும்.

பெரிய பங்கு பெல்கிராங்கில் இருந்தது. சேர்வோவின் அசைவை இரு பக்கச் சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் இந்த இரண்டு கைகளும் நிமிர்ந்த இரு தண்டுகளில் சுழல்கின்றன. தண்டுக்கும் கைக்கும் இடையே தொழிற்சாலையிலிருந்து வந்தவை பிளாஸ்டிக் புஷ்கள். அவை கையை மேலும் கீழும் சாய்க்கக்கூடிய அளவுக்குத் தேய்ந்திருந்தன. புஷ்ஷுக்குப் பதிலாகச் சிறு பெயரிங்குகளைப் போடலாம் என்று அளந்து பார்த்தேன்: உள்விட்டம் 5, வெளிவிட்டம் 8, தடிப்பு 2.5 மில்லிமீற்றர், அதாவது எம்.ஆர். 85 எனும் இலக்கம். ஊரில் மோட்டார் சைக்கிள்களுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் பெயரிங் விற்கும் கடைக்கு ஒரு பழைய புஷ்ஷைக் கொண்டுபோய்க் காட்டினேன். உள்விட்டம் 12 மில்லிமீற்றர் கொண்ட 6201 இலக்கத்தையே சிறியது என்று எடுத்துத் தந்து பழகிய கடைக்கார ஐயா, அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது மணிக்கூட்டுக்கோ?" என்று கேட்டார். கொழும்பிலிருந்து தபாலில் வரவழைக்க வேண்டியதாயிற்று. வாங்குவோர் இரு பக்கமும் இரப்பர் மூடியுள்ள வகையைக் கேட்டு வாங்க வேண்டும். உலோக மூடியுள்ளவை இலேசாகச் சுழலும் என்றாலும் அவற்றின் ஓரத்து இடைவெளியால் நமது தூசு உள்ளே போய்விடும்.

பெயரிங்குகள் துளையில் இறுக்கமாக உட்கார்ந்தபோதும் கைகள் தண்டின் நீளத்தில் மேலும் கீழும் வழுக்கின. அதற்கு வேண்டியது மெல்லிய உலோக வளையம். கடையில் விற்கும் வளையங்கள் கைவசம் இல்லாததால் வெறும் அலுமினியச் சோடாப் பேணியின் பக்கச் சுவரிலிருந்து வெட்டிக்கொண்டேன். அதன் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். வளையங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, கை தன் பாரத்திலேயே விழுந்து சுழலும் நிலையில் நிறுத்தினேன். அதற்கு மேலும் ஒன்று சேர்த்தால் கை இறுகி, சில்லு நடுவுக்கு வராமல் தங்கிவிடுகிறது. ஆட்டமுள்ள வண்டியும் இறுகிய வண்டியும் வீதியில் ஒரே மாதிரி அலையும் என்பதால், ஆட்டத்தை அடியோடு ஒழிக்கும் ஆசை இந்த இடத்தில் ஆகாது.

தண்டுகளின் திருகாணிகள் உலோகத்தோடு உலோகம் சேரும் இடங்களில் மட்டும் திருகாணிப் பசை இட்டேன். அந்தப் பசை சில வகைப் பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்யும். ஆகையால் பிளாஸ்டிக்கில் நேரடியாக ஏறும் திருகாணிகளுக்கு அதை இடாமல் விட்டேன்.

பின்னர் சேர்வோ. இணைப்புத் தண்டைக் கழற்றிவிட்டு, சேர்வோவின் கையை மட்டும் பிடித்து முறுக்கினால், அதன் மோட்டார் முனகி எதிர்ப்பதற்கு முன் நகரும் தூரமே உள்ளே இருக்கும் பற்சக்கரங்களின் ஆட்டம். அது இலேசாகவே இருந்தது. ஆனால் பிளாஸ்டிக் கையின் உட்பற்கள் மழுங்கியிருந்தன. கையை மாற்றும்போது பற்களின் எண்ணிக்கை பொருந்த வேண்டும்: 23, 24, 25 என்று மூன்று வகைகள் பரவலாக உண்டு, எனதில் 25. பெல்கிராங்கில் சேவர் இருப்பதால் அலுமினியக் கையைத் துணிந்து போட்டேன். சேவர் சேர்வோவின் கையிலேயே அமைந்த வண்டியில் அப்படிச் செய்வது தகாது.

எல்லாவற்றையும் பூட்டிய பின் ட்ரிம்மைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, பெல்கிராங்கைச் சில்லுகளோடு இணைக்கும் டை ரொட்டுகளைத் திருகி முன் சில்லுகளை மிக இலேசாக உள்நோக்கி வைத்தேன். பின் சில்லுகளால் தள்ளப்படும் வண்டியில் வீதியின் இழுவை முன் சில்லுகளை வெளிநோக்கி விரிக்கும். மிஞ்சிய ஆட்டத்தை அந்த விரிவு எடுத்துக்கொள்ள, ஓட்டத்தில் சில்லுகள் ஏறக்குறைய நேராக நிற்கின்றன. இப்போது ரயரின் ஓரத்தில் அளந்தால் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான அசைவே எஞ்சியிருக்கிறது. வாய்க்கால் கரையில் முழு வேகத்தில் விட்டபோது, ட்ரிம்மைத் தொடாமலே இரு பக்க வளைவுகளுக்குப் பின்னும் ஒரே கோட்டுக்குத் திரும்பியது. இடப்பக்க டை ரொட்டின் வெளிமுனைக் குமிழ் மட்டும் இன்னும் சற்றுத் தளர்வாக இருக்கிறது. அதன் பிளாஸ்டிக் கிண்ணத்தைக் குறட்டால் மெல்ல நெரித்து வைத்திருக்கிறேன். அந்த நெரிப்பு நீடிக்காது என்பதால், மாரி மழைக்கு வண்டியை உள்ளே வைக்கும் காலத்தில் நான்கு முனைகளையும் ஒன்றாக மாற்றவுள்ளேன்.