மைனருக்கு இன்னும் கொஞ்சம் இழுவை

2025 ஜூன் 7, சனி

பெரியப்பாவின் பழைய மொறிஸ் மைனர் கார் இப்போது என் பெயரில். 1098 சி.சி. எஞ்சின். புதிதாக வந்த காலத்தில் 48 குதிரைவலு. அதில் இன்று எவ்வளவு மிச்சமோ! நாலு பேர் ஏறிவிட்டால் ரொப் கியரில் இழுக்க மாட்டேன் என்கிறது.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: உதைத் தூக்கிப்போட்டு ஒரு நிசான் எஞ்சினை வை. செய்யலாம், பலர் செய்திருக்கிறார்கள். ஆனால் எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவையும் மாற்ற வேண்டும். அதைவிட, மைனரின் பொனற்றுக்குள் வேறு எஞ்சின் உறுமுவது எனக்குப் பிடிக்கவில்லை. இருக்கிற புளொக்கை வைத்தே பார்ப்போம்.

விடியப்புறம், யாழ்ப்பாணத்திலிருந்து தீவுப்பக்கம் போகும் பண்ணைப் பாலத்தில் அளந்தேன். மீற்றர் மைல் கணக்கில். ரொப் கியரில் 20இலிருந்து 40க்கு ஏற எத்தனை செக்கன்? தென்மேல் காற்றான சோளகம் அடிக்கிற காலம். தீவுப்பக்கம் போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது தள்ளிவிடும். இரண்டு பக்கமும் ஓடிச் சராசரி எடுத்தால்தான் கணக்கு. 14 செக்கன்.

ஜூன் 8, ஞாயிறு

கொக்குவில் கராஜ். சிலிண்டருக்குள் அமுக்கத்தை அளக்கும் கொம்பிரஷன் மீற்றரைப் போட்டால் நாலு சிலிண்டரும் 115, 120 பி.எஸ்.ஐ. என்றே நிற்கின்றன.

"றிங் தேஞ்சிருந்தா ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரிக் காட்டும் தம்பி. இது நாலும் ஒண்டாக் குறைஞ்சிருக்கு. ஹெட்டைக் கழட்டிப் பாப்பம்" என்றார் கராஜ் அண்ணை.

கழற்றினால் கீழே ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கஸ்கற்! ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் வைக்கிற தகடு அது, ஒன்றுதான் இருக்க வேண்டும்.

"உது மண்ணெண்ணெய்க் காலத்து வேலை. ஆரும் திருப்பிக் கழட்டேல்லை."

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் வராமல் போனபோது குடாநாட்டுக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல். மண்ணெண்ணெயின் ஒக்டேன், அதாவது தானாக வெடிக்காமல் அமுக்கத்தைத் தாங்கும் அளவு, மிகக் குறைவு. அமுக்கம் கூடினால் தீப்பொறிக்கு முன்பின்னாகக் கண்டபடி எரிந்து பிஸ்ரனை அடிக்கும். கஸ்கற்றை இரட்டிப்பாக்கினால் எரியறை பெரிதாகும், அமுக்கம் இறங்கும். வலு போகும், கார் ஓடும். அந்த நேரம் ஓடினாலே போதும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். ஒரு சிலிண்டர் 274.5 சி.சி. அமுக்க விகிதம், அதாவது பிஸ்ரன் மேலே வரும்போது கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது, புதிதில் 8.5 என்றால் மேலே மிஞ்சும் இடம் 36.6 சி.சி. இரண்டாவது கஸ்கற் ஏறக்குறைய 3 சி.சி. கூட்ட, விகிதம் 7.9க்கு இறங்கியிருக்கிறது. ஆக, முதல் வேலை வலுவைக் கூட்டுவதல்ல, பறிபோனதைத் திருப்பி எடுப்பது.

ஜூன் 14, சனி

இன்று முழுக்க ஹெட்டோடு. வால்வ்களின் முதுகில் தார் போலக் கரி.

இந்த எஞ்சினின் குறை அதன் வாய்களில் இருக்கிறது. நாலு சிலிண்டருக்கு உள்வாய் இரண்டே இரண்டு. புகை வெளியேற மூன்று. எரியும் ஒழுங்கு 1-3-4-2 என்பதால் ஒரே உள்வாயைப் பகிரும் சோடியில் ஒன்று உறிஞ்சிய கையோடு மற்றது உறிஞ்சுகிறது. ஒன்றின் பங்கை மற்றது பறிக்கும். அதை மாற்ற முடியாது, பாதையைத் தாராளமாக்கலாம்.

கிரைண்டரைக் கையில் எடுத்ததும் எல்லோரும் வாயைத்தான் அகலமாக்கப் பார்ப்பார்கள். காற்று இடறுவது அங்கே இல்லை, உள்ளே வால்வின் தண்டு ஓடும் குழலான வால்வ் கைட்டைச் சுற்றியுள்ள புடைப்பிலும், வால்வ் வந்து அமரும் சீற்றுக்குச் சற்று மேலே வளைகிற இடத்திலும்தான். அவற்றை இறக்கினோம். மனிபோல்ட் ஓட்டையும் ஹெட் ஓட்டையும் நேராக வரும்படி தேய்த்தோம். உள்வாயைக் கண்ணாடி மாதிரி மினுக்கவில்லை. மினுக்கினால் பெற்றோல் சுவரில் படிந்து ஒழுகும்.

ஜூன் 22, ஞாயிறு

லேத் பட்டறை. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றதிலிருந்து இந்தப் பழைய இரும்பு ஹெட்டுகளில் புகை வால்வ் சீற் தேய்ந்துகொண்டே போகிறது. கடின உருக்கு வளையம் அடித்தாயிற்று.

அமுக்க விகிதத்தைக் கூட்ட ஹெட்டின் அடிப்பக்கத்தை எவ்வளவு சீவுவது என்பதில்தான் இழுபறி. அண்ணை "ஒன்பதரைக்குப் போவம்" என்று நின்றார். நான் 9 போதும் என்றேன். 92 ஒக்டேன் பெற்றோல் எங்கும் கிடைக்கும், 95க்குத் தேடித் திரிய வேண்டும். விகிதம் 9 என்றால் 34.3 சி.சி.; அதாவது 2.3 சி.சி. குறைய வேண்டும். கிட்டத்தட்ட 0.85 மில்லிமீற்றர் சீவல். கிறீஸ் பூசிய கண்ணாடித் துண்டை மூடி, ஊசிமருந்துச் சிரிஞ்சால் ஒவ்வோர் அறையையும் நிரப்பி அளந்தோம். அளக்க ஊற்றியதும் மண்ணெண்ணெய்தான், பாருங்கள்.

ஜூன் 29, ஞாயிறு

புகைக்குழாய். வார்ப்பிரும்பு மனிபோல்ட்டைக் கழற்றி, மூன்று குழாய் ஒன்றாகச் சேருகிற மாதிரி வளைத்து ஒட்டுவித்தோம். நடுக்குழாயில் இரண்டு சிலிண்டரின் புகை வருவதால் அதை நீளமாக விட்டோம். சைலன்சர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பிக்கு அதில் ஏமாற்றம்.

ஜூலை 6, ஞாயிறு

கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து ஒன்றரை அங்குல எஸ்.யூ. காபரேற்றர் வந்துவிட்டது. பழையது ஒன்றேகால். ஹெட் எவ்வளவு திறந்தாலும் வாசலில் இடம் இல்லாவிட்டால் பிரயோசனம் இல்லையே. பெற்றோலை அளந்து விடும் ஊசிதான் வதை. மெல்லியது போட்டால் கறுப்புப் புகை, தடித்தது போட்டால் அக்சிலேற்றரை மிதித்ததும் தும்முகிறது. கடைசியில் பிளக் மண்ணிறமாக வந்த ஊசியை வைத்தோம். காபரேற்றர் பிஸ்ரனைத் துள்ளாமல் பிடிக்கும் டாஷ்பொட்டுக்குள் ஒயில் வற்றியிருந்தது. அதை நிரப்பியதும் பாதித் தும்மல் போனது.

ஜூலை 12, சனி

பண்ணையில் அதே நேரம், அதே கியர். 92 பெற்றோலில் பாரம் கொடுக்கும்போது மெல்லிய கிணுகிணுப்பு. தீப்பொறி நேரத்தை வைக்கும் டிஸ்ரிபியூற்றரை இரண்டு பாகை பின்னுக்குத் திருப்பினேன், நின்றது. சராசரி 10½ செக்கன். மூன்றரை செக்கன் குறைவு. இதில் கஸ்கற் தந்தது எவ்வளவு, காபரேற்றர் தந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது, எல்லாம் ஒன்றாகப் போட்டதால்.

ஜூலை 20, ஞாயிறு

புகைப் பரிசோதனை சரி வந்தது. ஊசியை மாற்றத் தேவையில்லை.

"கம்சாப்ட்டும் மாத்துவமே? நிமிசத்துக்கு ஆறாயிரம் சுத்தும்" என்று, வால்வ்களைத் திறக்கும் தண்டைப் பற்றி அண்ணை தொடங்கினார். வேண்டாம் என்றேன். பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரமே 83.72 மில்லிமீற்றர் வருகிற கிராங்க், தாங்குவது மூன்றே மூன்று பெயரிங். ஆறாயிரத்தில் சுழற்றினால் நடுவில் வளையப் பார்க்கும். அந்த வேகம் எனக்கு எதற்கு? பலாலி வீதியில் இரண்டாயிரத்தில் இழுத்தால் போதும்.

அந்தக் காசுக்கு முன் பிரேக் லைனிங் புதிதாகப் போடுகிறோம். முன்னால் இருப்பது 8 அங்குல டிரம். இழுவை கூடிய காருக்கு அது மட்டுமட்டு. பின்சக்கர சிலிண்டர் இரண்டும் கசிகின்றன. அவற்றுக்கு றப்பர் கிற் சொல்லியிருக்கிறது, புதன்கிழமை வரும்.