செவ்வு: முத்துக்காரர்கள் போட்ட கணக்கு

முத்துக்கு விலை போட முத்துக்காரர்கள் வைத்திருந்த கணக்குக்குச் செவ்வு என்று பெயர். அது எடையில் தொடங்குகிறது. பல்லாங்குழி ஆட எடுக்கிற சிவப்பு மஞ்சாடி விதைதான் மன்னார் வளைகுடா முத்து வியாபாரத்தில் எடைக்கல்லாக இருந்தது. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கழஞ்சுக்குப் பித்தளைக் கல் வைத்திருந்தார்கள். மஞ்சாடிக்கு அந்த விதையேதான். கெட்டியான ஓடு, வருஷக்கணக்கில் கிடந்தாலும் சுருங்காது, ஒன்றுக்கொன்று எடையில் பெரிய வித்தியாசமும் இருக்காது. ஒரு விதை ஏறக்குறைய கால் கிராம்.

பள்ளியில் கணக்கு எடுக்கிறவள் நான். இந்த வரிசையில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த இருபது. நம் பழைய எண்சுவடியில் இருபதில் ஒரு பங்குக்கு மா என்று பெயர், நாற்பதில் ஒரு பங்கு அரைமா. ஆக மஞ்சாடி என்றால் ஒரு மா கழஞ்சு, குன்றி என்றால் அரைமா கழஞ்சு. பின்ன வாய்ப்பாடு மனப்பாடமான பிள்ளைக்கு எடை வாய்ப்பாட்டைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இந்த எடைகள் வரிக்கு வரி வருகின்றன. முதலாம் இராசராசன் கொடுத்த பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். நகைகளை நிறுத்த கல்லுக்கு தட்சிணமேருவிடங்கன். சரடையும் சட்டத்தையும் நீக்கிவிட்டு நிறுத்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். முத்துகளிலும் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று பிரிவுகள். நீரோட்டம், அதாவது முத்தின் ஒளி, வேறு தனி: குளிர்ந்த நீர், சிவந்த நீர். கொடுத்தவன் அரசன், வாங்கியது கோயில். அங்கேயும் குன்றிமணிவரை கணக்கு இருந்தது என்பதில் எனக்கு அளவில்லாத மரியாதை.

இனி வியாபாரத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கை முத்துக்குளிப்பில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. சிப்பியை அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பொறுக்கி எடுத்த பிறகுதான் எடைக்கு வேலை. முதலில் சல்லடை. சிறு பித்தளைக் கிண்ணங்கள், மொத்தம் பத்து. 20 துளை, 30, 50, 80, 100 என்று ஏறி 200, 400, 600, 800, கடைசியில் 1000 துளை. எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். சல்லடை அளவைச் சொல்லும். உருட்சியையும் ஒளியையும் கண்தான் பார்க்க வேண்டும். குற்றமே இல்லாதது ஆணி. அதற்கடுத்தது அணிதாரி. அப்படியே இறங்கி, கடைசியில் தூள்.

இதற்குப் பிறகு வருவதுதான் செவ்வு. எடையை அப்படியே விலையால் பெருக்க மாட்டார்கள். மஞ்சாடி எடையை அதே எடையால் பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். வருகிற எண்ணின்மேல்தான் விலை. செவ்வுக் கணக்கின் உயிர் இதுதான். நான்கு மஞ்சாடி எடையில் ஒற்றை முத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: நாலு நாலு பதினாறு, ஒன்றால் வகுத்தால் பதினாறுதான். மஞ்சாடிக்கு ஒன்றாக நான்கு முத்துகள் இருந்தால் அதே பதினாறை நாலால் வகுக்க வேண்டும், நாலுதான் மிஞ்சும். தராசில் இரண்டும் ஒன்றே. செவ்வில் ஒற்றை முத்து நாலு மடங்கு. பெரிய முத்து கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை ஒரே ஒரு பெருக்கலில் அடக்கிவிட்டார்கள்!

ஒன்பதாம் வகுப்புக்கு வர்க்கம் நடத்தும்போது சதுரத்தின் பரப்பை முடித்த கையோடு இதைத்தான் கரும்பலகையில் எழுதுவேன். விலை இப்படி ஏறும் என்று சொன்னதும் பிள்ளைகள் தாங்களாகவே ஐந்து மஞ்சாடி, ஆறு மஞ்சாடி என்று போட்டுப் பார்ப்பார்கள். எடையைப் பாதியாக்கினால் மதிப்பு கால்வாசியாகிவிடுகிறது என்று கண்டுபிடிக்கும்போது வகுப்பில் எழும் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பழைய அளவைகள் என்றாலே கண்மதிப்பு, குத்துமதிப்பு என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. இந்தியாவில் மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபரில் வரத் தொடங்கின. நாடு முழுக்க ஒரே எடை என்பது பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் செவ்வு வெறும் எடை அல்ல, விலையின் கணக்கு. இயற்கை முத்து விற்கிறவர்கள் மேற்கிலும் இதே வழிக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்: 50 மில்லிகிராமை ஒரு முத்து கிரெயின் என்று வைத்து, கிரெயின் எடையை வர்க்கமாக்கி, அதன்மேல் விலை சொல்வார்கள். மஞ்சாடி இருந்த இடத்தில் கிரெயின், அவ்வளவுதான்.